தராசும் போனும்: ஒரு ஒழுங்கைக் குப்பைக்குக் கணக்கு எழுதும் முறை

நான் திருகோணமலைத் திருக்கடலூரில் ஒரு மீன் வாடியில் கணக்கு எழுதுகிறேன். விடிய நாலரைக்குப் போனால் பத்து மணிக்கு வேலை முடியும். சூரை எத்தனை கிலோ, பாரை எத்தனை கிலோ, ஐஸ் எத்தனை பெட்டி, கூலர் லொறிக்கு ஏற்றியது எவ்வளவு என்று பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. குப்பையைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால், நிறுக்கத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் ஒழுங்கையில் 14 வீடு. குப்பைப் பேச்சு எடுத்தால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள்: "எங்கட வீட்டில என்ன அக்கா குப்பை, ஒரு சொப்பிங் பை கூட நிரம்பாது." அந்தச் சொப்பிங் பையை இரவு படலையடியில் வைப்பார்கள். விடியமுன் நாய் கிழிக்கும், மிச்சத்தை மான் தின்னும். வேறு ஊர்க்காரருக்கு இது கதை போல இருக்கலாம். திருகோணமலையில் மான் பஸ் நிலையத்தடியிலும் சந்தையடியிலும் மாடு போலத் திரியும். பொலித்தீனைத் தின்று செத்த மானின் வயிற்றில் இருந்து எடுத்ததைப் படத்தில் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு அடுத்த நாளும் அதே பையைத்தான் கட்டி வைத்தோம்.

இதற்கு முன் ஒரு திட்டக்காரர் வந்து ஒரு அப் தந்தார்கள். பட்டறை, மத்தியானச் சாப்பாடு, தொப்பி எல்லாம் தந்தார்கள். அப்பைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கும், தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். ஆறு மாதத்தில் அது தானாகவே திறபடாமல் போய்விட்டது. ஆகவே என் முதல் புத்தி இது: புதிதாக அப் செய்யவும் வேண்டாம், செய்து தருகிறோம் என்பவரை நம்பவும் வேண்டாம். எல்லோருடைய போனிலும் ஏற்கெனவே இருக்கும் வட்ஸ்அப், கூகிள் ஃபோர்ம், கூகிள் சீட் மூன்றும் போதும்.

முதல் கிழமை யாருக்கும் சொல்லாதீர்கள்

கூட்டம் வைக்காதீர்கள், குழு தொடங்காதீர்கள். ஒரு கிழமை உங்கள் வீட்டுக் குப்பையை மட்டும் நிறுத்து எழுதுங்கள்.

கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். 50 கிலோ வரை நிறுக்கிறது போதும். கையில் தூக்கிப் பிடித்து நிறுத்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். கூரை வளையிலோ மாமரக் கொப்பிலோ கட்டித் தொங்கவிடுங்கள். வாங்கிய அன்றே சோதிக்க வேண்டும். ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டால் 1.5 கிலோவும், போத்தலின் பாரத்துக்குக் கொஞ்சம் கூடவும் காட்ட வேண்டும். இந்த வகைத் தராசு சின்னப் பாரத்தில் பொய் சொல்லும். ஆகவே யோகட் கப்பை நாளுக்கு நாள் நிறுக்காமல் கிழமைக்கு ஒருதரம் சேர்த்து நிறுங்கள். வாளியோடு நிறுத்தால் வாளியின் பாரத்தைக் கழியுங்கள். வாடியில் கூடைக்குக் கழிக்கிறோமே, அது மாதிரித்தான்.

என் வீட்டில் மூன்று பேர். முதல் கிழமை மொத்தம் 9.4 கிலோ வந்தது. அதில் குசினிக் கழிவு 5.9, போத்தல் 1.3, காட்போட்டும் பேப்பரும் 1.1, பிளாஸ்டிக்கும் பொலித்தீனும் சேர்த்து 0.7, தகரப்பேணி 0.4. கண்ணுக்குக் குப்பை என்று தெரிவது பிளாஸ்டிக்தான், ஆனால் தராசில் அது ஒரு கிலோவுக்கும் குறைவு. பாரம் முழுக்க மரக்கறித் தோலும் மீன் செதிலும் பழைய சோறும். இலங்கை முழுவதற்கும் இதே கதைதான். உள்ளூராட்சிச் சபைகள் அள்ளும் குப்பையில் பாதிக்கு மேல் உக்கும் கழிவு. இந்த 5.9 கிலோவை மறந்துவிடாதீர்கள், கார்பன் கணக்குக்கு வரும்போது அதுதான் பெரிய ஆள்.

வாங்குகிறவரிடம் முதலில் கேளுங்கள்

எல்லோரும் விடும் பிழை இது. பச்சை, நீலம், செம்மஞ்சள் என்று வாளி வாங்கி வைத்து, தரம் பிரித்து, ஒரு மாதம் சேர்த்த பிறகுதான் இதை யார் எடுப்பார் என்று தேடுவார்கள். பிறகு எல்லாம் ஒன்றாகச் சபை வண்டியில் போகும். அதைப் பார்த்த வீட்டுக்காரர் இனி வாழ்நாளுக்கும் பிரிக்கமாட்டார்.

எங்களுக்குப் பழைய சாமான் எடுப்பவர் கிண்ணியாவில் இருந்து பட்டா என்ற சின்ன லொறியில் வரும் ஒரு நானா. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கமுன்னர் அவருடைய வாப்பா பாதை என்ற கடவைப் படகில் ஏறி, மறுகரையில் சைக்கிள் எடுத்து, போத்தலும் பேப்பரும் சேர்த்தவராம். ஒருநாள் நானே அவருடைய இடத்துக்குப் போனேன். அங்கே குவித்திருந்த ஒவ்வொரு சாமானையும் போனில் படம் எடுத்தேன். மொத்தம் 22 படம். ஒவ்வொன்றுக்கும் அவரிடமே குரல் பதிவு வாங்கினேன். "இத எடுப்பன், ஆனா நனைஞ்சா எடுக்க மாட்டன்." "இத எடுத்து எனக்கு என்ன பிரயோசனம் தங்கச்சி?" அந்த இருபத்திரண்டு படமும் குரலும்தான் இன்றைக்கும் எங்கள் குழுவின் சட்டப் புத்தகம். நான் மூன்று பக்கம் எழுதிப் போட்டிருந்தாலும் ஒருவரும் வாசித்திருக்கமாட்டார்கள். நானாவின் குரல் என்றால் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

உங்கள் ஊரில் வாங்குகிறவர் வேறு மாதிரிச் சொல்லலாம். எங்கள் நானா எடுப்பது: காய்ந்த காட்போட், இரும்பு, அலுமினியம், உடையாத போத்தல், தண்ணீர் மற்றும் சோடாப் பிளாஸ்டிக் போத்தல், ஷாம்பு மற்றும் புளீச்சிங் போத்தல். எடுக்காதது: ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பிளாஸ்டிக், பிஸ்கட் பைக்கற், பால்மா பைக்கற், எண்ணெய் பிடித்த எதுவும்.

பிளாஸ்டிக்கின் அடியில் சின்ன முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஒரு எண் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போன் கமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல் 1. ஷாம்பு போத்தலின் வகை 2. ஐஸ்கிரீம் பெட்டி பெரும்பாலும் 5. ரெஜிபோம் 6, பல யோகட் கப்பும் அதே 6தான். போத்தல் மூடி ஏன் தனியே போட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒரு வாளித் தண்ணீரில் போத்தலில் வெட்டிய துண்டையும் மூடியில் வெட்டிய துண்டையும் போட்டுக் காட்டினேன். போத்தல் துண்டு தாழ்ந்தது, மூடி மிதந்தது. இரண்டும் வேறு பிளாஸ்டிக், ஒன்றாக உருக்கினால் இரண்டும் கெடும். அன்றைக்குப் பிறகு மூடி கழற்றும் வேலையைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள்.

நான்கு கேள்வி, அதற்கு மேல் வேண்டாம்

இப்போது ஒழுங்கைக்காரர் சாமானைச் சனிக்கிழமைகளில் ஒரு பொதுக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து ஒரே தராசில் நிறுக்கிறார்கள். அதைப் பதியக் கூகிள் ஃபோர்மில் நாலு கேள்விதான் வைத்தேன்: வீட்டு எண், சாமான் வகை, எத்தனை கிலோ, வேறு ஏதாவது சொல்ல இருந்தால். திகதியும் நேரமும் தானாகவே பதிவாகும், கேட்கத் தேவையில்லை. பெயர் கேட்க வேண்டாம். மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை நிறுத்தி வையுங்கள். படம் ஏற்றும் கேள்வி வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். வைத்தால் பதில் எழுதுகிறவர் கூகிள் கணக்குக்குள் நுழைய வேண்டிவரும், பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். படத்தை வட்ஸ்அப்பில் போடட்டும்.

சாமான் வகையை எழுத விடாமல் தெரிவுப் பட்டியலாக வையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் "காட்போட்" என்பார், ஒருவர் "மட்டை" என்பார், ஒருவர் "பெட்டி" என்பார், சீட்டில் மூன்றும் மூன்று சாமானாக நிற்கும். கிலோ என்ற இடத்தில் எண்ணை மட்டும் ஏற்கும்படி கட்டுப்பாடு போடுங்கள். முதல் மாதம் நான் அதைப் போடவில்லை. "இரண்டரை", "2 1/2", "2 கிலோ 500", "போன கிழமை மாதிரித்தான்" என்றெல்லாம் வந்தது. கடைசிப் பதில் எங்கள் மாமியுடையது.

ஃபோர்மின் இணைப்பைக் கியூஆர் கோடாக மாற்றி, அச்சடித்து, லாமினேட் செய்து தராசுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். இதில் ஒரு விசயம் கவனியுங்கள். சில இலவசத் தளங்கள் கோட்டைத் தங்கள் தளத்தின் வழியாகத் திருப்பிவிடும், சில நாளில் காசு கேட்டு நிறுத்தும். இணைப்பையே நேரடியாக உள்ளே வைத்த சாதாரண கோடு காலாவதியாகாது. ஒட்டிய இடமும் முக்கியம். வெளிச்சுவரில் ஒட்டிய முதல் கோட்டைக் கச்சான் காற்றும் வெயிலும் இரண்டு மாதத்தில் வெளிறவைத்துவிட்டன. இப்போது கொட்டிலுக்குள் இருக்கிறது.

போன் பிடிக்காதவர்களுக்கு வழி வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இரண்டு ஆச்சிகள் ஃபோர்ம் பக்கம் வருவதில்லை. அவர்கள் எனக்குக் குரல் பதிவு அனுப்புவார்கள், நான் பதிந்துவிடுவேன். பக்கத்துச் சிங்களக் குடும்பத்துக்குச் செய்தியைக் கூகிளில் மொழிபெயர்த்து அனுப்பினேன். அந்த வீட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது அனுப்பமுன் அவருடைய மகளிடம் ஒருதரம் காட்டிவிடுகிறேன்.

இனி என் பிழை ஒன்று. மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை எல்லா வீட்டுப் பாரமும் திடீரென்று கூடியிருந்தது. உப்புவெளிப் பக்கம் கல்யாண வீடு ஏதும் நடந்ததா என்று யோசித்தேன். இரண்டு சனி அப்படியே பதிந்தும்விட்டேன். பிறகு பழைய கிழமைகளோடு வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு வீடும் ஏறக்குறைய 2.2 மடங்கு. அப்போதுதான் மண்டையில் தட்டியது. தராசில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, யாரோ ஒரு பிள்ளை அதை அமத்தி, கிலோவை இறாத்தலாக மாற்றிவிட்டது. பத்தொன்பது வருடம் தராசோடு இருந்தவளுக்கு அது தெரிய இரண்டு கிழமை! அந்தப் பொத்தானுக்கு மேல் இப்போது பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் முதல் நாளே ஒட்டுங்கள்.

வீட்டுக் கணக்கைச் சபையில் வைக்காதீர்கள்

தொடக்கத்தில் வீட்டு எண்ணோடு முழுக் கணக்கையும் குழுவில் போட்டேன். போட்டி வந்தால் நல்லது என்று நினைத்தேன். வந்தது போட்டி இல்லை, சண்டை. ஒரு வீட்டில் போத்தல் பாரம் மட்டும் கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டு போனது. என்ன போத்தல் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த அண்ணை ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அவருடைய போத்தல்களும் பிறகு எங்கள் கொட்டிலுக்கு வரவில்லை. இருட்டில் கடற்கரைப் பக்கம் போயிருக்கும்.

குப்பை வீட்டுக் கதை எல்லாவற்றையும் சொல்லும். யாருக்கு என்ன மருந்து, யார் வீட்டில் என்ன சமையல், யார் வீட்டில் யார் இல்லை. ஆகவே வீட்டு எண் இருக்கும் சீட்டை நீங்கள் மட்டும் பாருங்கள். குழுவுக்கு ஒழுங்கையின் மொத்தத்தை மட்டும் போடுங்கள். ஒரு வீட்டுக்கு அதன் கணக்கு வேண்டுமென்றால் தனியே அனுப்பலாம். அந்த அண்ணையிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது சனிக்கிழமைகளில் காட்போட் மடித்துக் கட்டுபவர் அவர்தான்.

நிரம்பினால் மட்டும் கூப்பிடுங்கள்

முன்னர் நானா இரண்டு கிழமைக்கு ஒருதரம் வருவார். சில நாள் அரை வண்டி, சில நாள் இரண்டு உரப்பை. வெறுங்கையோடு போனால் அவருக்கு டீசல் நட்டம், அடுத்தமுறை பிந்துவார். பிந்தினால் எங்கள் கொட்டில் நிறைந்து எலி வரும். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் வரும் காலமான மே முதல் செப்டம்பர் வரை இன்னும் மோசம், அவருக்கு அங்கேதான் காட்போட் குவியும்.

சீட்டில் மூன்று நிரல் போட்டேன்: வரவு, செலவு, இருப்பு. வாடிக் கொப்பியில் நான் போடும் அதே மூன்று. ஃபோர்மில் வருவது வரவு. நானா ஏற்றியது செலவு, அதை நான் வேறு தாளில் கையால் பதிவேன். வகைவாரியாகக் கூட்ட சம்இஃப் (SUMIF) என்ற ஒரு சூத்திரம் போதும். காட்போட் இருப்பு 60 கிலோவைத் தாண்டினால் அந்தக் கட்டம் பச்சையாகும்படி நிறம் வைத்தேன். உங்கள் எல்லையை நீங்கள் வாங்குகிறவரிடமே கேளுங்கள்: "எத்தனை கிலோ இருந்தால் உங்களுக்கு வந்து போகக் கட்டும்?" இந்தக் கேள்வியை இதற்கு முன் ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார் நானா.

கட்டம் பச்சையானால் இருப்புப் பட்டியலைப் படம் பிடித்து, இடத்தைக் காட்டும் லொக்கேஷனோடு அவருக்கு அனுப்புவேன். எந்த நாள், எத்தனை மணி என்று குழுவில் வாக்கெடுப்புப் போடுவேன். அவர் வந்தால் இருபது நிமிடத்தில் ஏற்றி முடியும்.

இருப்பு ஒருநாளும் சரியாக ஒத்துப்போகாது. முதல் மாரியில் காட்போட்டில் மட்டும் 7 கிலோ குறைந்தது. யாரும் எடுக்கவில்லை, மழை ஈரத்தோடு நிறுத்தது உலர்ந்துவிட்டது. ஐஸ் உருகினால் மீன் பெட்டி இளைக்கிறது போல. கார்த்திகை மார்கழியில் காட்போட்டை நிறுக்கமுன் ஒருநாள் வீட்டுக்குள்ளே வைத்திருக்கச் சொல்லுங்கள். நனைந்ததை நானா எடுக்கவும் மாட்டார்.

ஐந்து கிலோ 900 கிராமின் கதை

இதுவரை சொன்னதெல்லாம் நானாவிடம் போகும் சாமான். பாரமான பாதி இன்னும் குசினியில் இருக்கிறது. 14 வீட்டில் 9 வீடு இப்போது கூட்டெரு போடுகிறது. மற்ற ஐந்துக்கும் வளவில் இடம் இல்லை, அல்லது மனம் இல்லை.

அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பரல் ஒன்று, மூடியோடு. ஒரு வாளி குசினிக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகோ தும்புத் தூளோ கிழித்த காட்போட்டோ போட வேண்டும். பூவரசம் சருகு எங்களுக்கு ஒழுங்கை நிறையக் கிடைக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. ஒழுகினால் சருகு போதாது. மாரியில் மூடி திறந்து கிடந்தால் ஒரே இரவில் சேறாகிவிடும்.

நன்றாக வேலை செய்யும் பரலின் நடுப்பகுதி கைவைக்க முடியாதபடி சுடும். குத்திப் பார்க்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கினோம், 9 வீட்டுக்கும் அது சுற்றும். 55 பாகைக்கு மேல் போனால் நல்லது. ஏறவே இல்லையென்றால் ஒன்றில் காய்ந்துவிட்டது, அல்லது கிண்டவில்லை. கிண்டுவதற்குப் போனில் கிழமைக்கு ஒரு அலாரம். அதோடு ஒவ்வொரு ஞாயிறும் ஒரே இடத்தில் நின்று பரலுக்குள் ஒரு படம். ஆறு கிழமைப் படத்தை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் எந்தக் கிழமை கெட்டது என்று தெரியும். ஒருவர் படம் போட்டால் மற்றவர் "தண்ணி கூடிப்போச்சு பிள்ளை" என்று எழுதுவார். எந்தப் புத்தகத்தையும் விட அது வேலை செய்கிறது.

மீன் செதிலும் தலையும்? எங்கள் ஊரில் அதைத் தவிர்க்க முடியாது. நான் முதலில் நெத்தலித் தலைகளை அப்படியே மேலே கொட்டினேன். மூன்று நாளில் நாய்களும் பக்கத்து வீட்டு மச்சாளும் ஒரே நேரத்தில் படலையடிக்கு வந்தார்கள். இப்போது பரலின் நடுவில் ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி, உள்ளே போட்டு, மேலே ஒரு கை உயரத்துக்குத் தும்புத் தூள் மூடுகிறேன். மணம் இல்லை. ஆனால் வீட்டு மீன் கழிவு மட்டும்தான். வாடிக் கழிவைப் பரலுக்குள் கொண்டுவர நினைக்காதீர்கள்.

கார்பனை எப்படிக் கணக்குப் பார்ப்பது

குசினிக் கழிவு காற்றுப்படாமல் குவியலுக்குள் அழுகினால் மீதேன் வரும். நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மீதேன் ஏறக்குறைய 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி நாடுகளுக்குக் கொடுத்திருக்கும் கணக்கு முறையில், ஆழமில்லாத திறந்த குப்பைமேட்டுக்கு ஒரு கிலோ உணவுக் கழிவை இப்படிப் பெருக்கலாம்: 0.15 × 0.5 × 0.5 × 1.33 × 0.4. விடை 0.02 கிலோ மீதேன். முதல் எண் கழிவில் உள்ள உக்கக்கூடிய கார்பன், அடுத்தது அதில் உண்மையில் உக்கும் பங்கு, மூன்றாவது வரும் வாயுவில் மீதேனின் பங்கு, நாலாவது கார்பன் பாரத்தை மீதேன் பாரமாக்குவது, கடைசி எண் மேட்டின் வகை. 0.02ஐ 28ஆல் பெருக்கினால் 0.56. அதாவது ஒரு கிலோ கழிவுக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கரியமில வாயு. இது ஒரே நாளில் வராது, பல வருடமாகக் கசியும்.

மேடு ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்தால் கடைசி எண் 0.4 இல்லை, 0.8. மீதேன் இரட்டிப்பாகும். 2017 ஏப்ரல் 14, புதுவருட நாளில் கொழும்பு மீதொட்டமுல்லையில் சரிந்து 30க்கும் மேற்பட்டவர்களை மூடிய மேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உயரம் கூடக் கூட ஆபத்து சரிவில் மட்டும் இல்லை.

கூட்டெருவிலும் கொஞ்சம் வாயு வரும். அதே ஐபிசிசி எண்களின்படி கிலோவுக்கு ஏறக்குறைய 0.18. அதைக் கழித்தால் மிச்சம் 0.38. நான் சீட்டில் போட்டிருப்பது இந்த எண்தான். கடந்த ஆறு மாதத்தில் 9 வீடும் பரலில் போட்டது 1,170 கிலோ. 0.38ஆல் பெருக்கினால் 445 கிலோ கரியமில வாயு மிச்சம்.

இனி நானாவின் வண்டி. ஆறு மாதத்தில் 13 தரம் வந்திருக்க வேண்டியவர் 5 தரம் வந்தார். 8 பயணம் குறைவு. கிண்ணியாவில் இருந்து போக வர 40 கிலோமீற்றர் அளவில் என்று வைத்தால் 320 கிலோமீற்றர். லீற்றருக்கு 13 ஓடும் என்று அவர் சொன்னார், அப்படியானால் 24.6 லீற்றர் டீசல். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவில் கரியமில வாயு. மொத்தம் 66 கிலோ. ஆனால் அவர் எங்களுக்காக மட்டும் பாலம் தாண்டுவதில்லை, வழியில் வேறு இடங்களிலும் ஏற்றுகிறார். ஆகவே அரைவாசியைத்தான் எழுதினேன், 33. முழுவதையும் எழுதினால் அது மீன் பெட்டிக்குள் ஐஸைச் சேர்த்து நிறுக்கிற வேலை.

445 எங்கே, 33 எங்கே. போனைப் பார்த்தால் வண்டிக் கணக்குத்தான் பகட்டாக இருக்கிறது: லொக்கேஷன், பச்சைக் கட்டம், வாக்கெடுப்பு. கார்பனைக் குறைத்தது என்னவோ வாழைப்பழத் தோல். நேரம் குறைவென்றால் பரலைத்தான் முதலில் வையுங்கள், சீட்டைப் பிறகு பார்க்கலாம்.

பிளாஸ்டிக்குக்கும் காட்போட்டுக்கும் கார்பன் நிரலை நான் வெறுமையாக விட்டிருக்கிறேன். வெளிநாட்டு அட்டவணைகளில் எண் கிடைக்கும், ஆனால் அது அவர்களுடைய மின்சாரத்துக்கும் அவர்களுடைய ஆலைக்கும் பொருந்துகிற எண். பாரத்தை மட்டும் எழுதுகிறேன். அலுமினியத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: பழைய அலுமினியத்தை உருக்க, மண்ணில் இருந்து புதிதாக எடுப்பதற்கு வேண்டிய சக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும். ஒரு கிலோவுக்கு எழுபது பேணி அளவில் வேண்டும். அவர்கள் கடற்கரையில் பொறுக்கிக் கொண்டுவருகிறார்கள்.

நிறுக்க முடியாதவையும் எடுக்க ஆள் இல்லாதவையும்

சொப்பிங் பை தராசில் ஏறாது. எண்ணித்தான் எழுத வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் கடைக்காரர் அதைச் சும்மா தரக்கூடாது, காசு எடுத்து பில்லில் போட வேண்டும் என்ற பிறகு எங்கள் வீட்டு எண்ணிக்கை தானாகவே இறங்கியது. துணிப் பை வீட்டில் முன்னரும் இருந்ததுதான், இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

பழைய போன், பவர் பேங்க், வீங்கிய பற்றரி எதையும் காட்போட் பக்கம் வைக்க விடாதீர்கள். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும், கொட்டில் முழுக்க எரியும் சாமான். ஒரு மண் வாளிக்குள் தனியாக வைத்து, எடுப்பவர் இருந்தால் மட்டும் கொடுங்கள்.

மிச்சம் இருப்பது நான் வேலை செய்யும் வாடியின் சொந்தக் குப்பை: உடைந்த ரெஜிபோம் பெட்டியும் அறுந்த நைலோன் வலையும். நானா இரண்டையும் தொடமாட்டார். ரெஜிபோம் பாரமே இல்லை, வண்டியை மட்டும் நிரப்பும். காற்றடித்தால் உடைந்து வெள்ளை மணியாகக் கடலுக்குள் போகும். முதலாளியான சம்மாட்டியிடம் சொல்லி, கழுவித் திரும்பப் பாவிக்கக்கூடிய பிளாஸ்டிக் பெட்டி சிலது வாங்க வைத்தோம். பழையதை வாடிக்குப் பின்னால் வலையால் மூடிக் கட்டி வைத்திருக்கிறோம். சீட்டில் அவற்றுக்கு ஒரு தனித் தாள் இருக்கிறது, தலைப்பு "எடுக்க ஆள் இல்லை". நேற்றுவரை 41 பெட்டி, வலை 18 கிலோ.

வேறு ஒழுங்கைக்காரர் கேட்டால் ஃபோர்மையும் சீட்டையும் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். கொடுக்கமுன் எங்கள் வீட்டுப் பதிவுகளை அழித்துவிட்டுத்தான். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, பொத்தானுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டியாயிற்றா என்று.